கால்பந்துப் போட்டிக்குப் பந்தோபஸ்து: கூட்டத்தைக் காப்பதே முதல் வேலை

பெரிய கால்பந்துப் போட்டிக்குப் பந்தோபஸ்து உத்தரவு கைக்கு வந்ததும் அதிகாரிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "எத்தனை பேர் கலாட்டா செய்வார்கள்?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வருகிற அத்தனை பேரும் எந்த வழியாக வந்து, எந்த வாசலில் நுழைந்து, எவ்வளவு நேரத்தில் வெளியேறப் போகிறார்கள்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் அதிகாரிக்குக் கலாட்டாவின் பெரும்பகுதி வருவதே இல்லை. ரசிகனை ரவுடியாக மட்டுமே பார்த்துத் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதை 2022 மே 28 அன்று பாரிஸ் காட்டியது.

அன்று அங்கே சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. லிவர்பூலும் ரியல் மாட்ரிட்டும் மோதின. ரயில் வேலைநிறுத்தத்தால் ரசிகர்கள் ஒரு தடத்தை விட்டு வேறொரு தடத்தில் குவிந்தார்கள். அந்தத் தடத்தின் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு வரும் வழியில், நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் டிக்கெட் சோதனைச் சாவடி. குறுகலான அந்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் சிக்கி நின்றார்கள். வாசல்கள் மூடப்பட்டன. கையில் டிக்கெட்டோடு குழந்தைகளுடன் காத்திருந்தவர்கள் மீதும் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. ஆட்டம் 36 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. 30,000 முதல் 40,000 பேர் வரை போலி டிக்கெட்டுடனோ டிக்கெட் இல்லாமலோ வந்ததாகப் பிரான்ஸின் உள்துறை அமைச்சர் சொன்னார். வாசல் கருவிகளில் சிக்கிய போலி டிக்கெட்டுகள் 2,589 மட்டுமே. 2023 பிப்ரவரியில் வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை முதன்மைப் பொறுப்பை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ மீது வைத்தது. லிவர்பூல் ரசிகர்கள் ஆபத்தானவர்கள் என்ற முன்முடிவோடு காவல்துறை திட்டமிட்டதையும் அது கண்டித்தது. தவறான தகவலை நம்பித் திட்டமிட்டால் எத்தனை ஆயிரம் போலீஸை இறக்கினாலும் பயனில்லை.

வாசல் கணக்கு

லிவர்பூல் ரசிகர்களைப் பற்றிய அந்த முன்முடிவு எங்கிருந்து வந்தது? 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலைப் பற்றிப் பரப்பப்பட்ட பொய்களில் இருந்து. அந்த நெரிசலில் மாண்டவர்கள் 97 பேர். மைதானக் காவலில் ஈடுபடும் எவரும் அந்த நாளை நிமிடம் நிமிடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

லிவர்பூல் ஆடிய எஃப்ஏ கோப்பை அரையிறுதி. ஆட்டம் பிற்பகல் 3 மணிக்கு. லெப்பிங்ஸ் லேன் பக்கம் நின்று பார்க்கும் பகுதிக்கு 10,100 டிக்கெட்டுகள் விற்கப்பட்டிருந்தன. அதற்கு வைத்திருந்த சுழல்கதவுகள் ஏழு. நேரம் ஆக ஆக வெளியே கூட்டம் நசுங்கத் தொடங்கியது. ஆட்டத்தைச் சற்றுத் தள்ளிவைத்திருந்தால் அவசரம் தணிந்திருக்கும், தள்ளிவைக்கவில்லை. 2.52-க்கு, வெளி நெரிசலைக் குறைக்க 'சி' என்ற பெரிய வாசலைத் திறக்கப் போலீஸ் உத்தரவிட்டது. உள்ளே வந்தவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரிந்த சுரங்கப்பாதையில் நடந்தார்கள். நின்று பார்க்கும் பகுதி வேலிகளால் கூண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுக் கூண்டுகளுக்குப் போகும் பாதை. இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்த கூண்டுகளில் இடம் இருந்தது. சுரங்கப்பாதையின் வாயை அடைத்து, பக்கத்தில் போகச் சொல்ல அங்கே யாரும் நிறுத்தப்படவில்லை. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கக் கூடாது என்று போட்டிருந்த இரும்பு வேலி அவர்களை அங்கேயே அழுத்திப் பிடித்தது. 3.06-க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது காலம் கடந்திருந்தது. போலீஸ் கட்டுப்பாடு தவறியதே முக்கியக் காரணம் என்று நீதிபதி டெய்லரின் அறிக்கை அதே ஆண்டு சொன்னது.

இதிலிருந்து கற்க வேண்டிய முதல் பாடம் வெறும் வகுத்தல் கணக்கு. பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கான 'பச்சை வழிகாட்டி' 1973 முதல் வெளிவருகிறது. கிளாஸ்கோவின் ஐபிராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 1971-இல் 66 பேர் இறந்ததன் விளைவு அது. ஒரு சுழல்கதவு வழியே ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 660 பேர் நுழையலாம், எல்லோரும் ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பது அதன் கணக்கு. இந்த அளவை அன்றைய லெப்பிங்ஸ் லேனுக்குப் போட்டுப் பாருங்கள். 10,100-ஐ ஏழால் வகுத்தால் கதவுக்கு 1,443 பேர். ஒருவர்கூடத் தள்ளாமல், குடிக்காமல், வரிசை கலைக்காமல் நின்றிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குறைந்தது 16 கதவுகள் வேண்டியிருந்த இடம் அது. ஆட்ட நாளுக்கு முன்பே தாளில் தெரிந்திருக்க வேண்டிய நெரிசல்.

உங்கள் மைதானத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள். மொத்தக் கொள்ளளவை மொத்த வாசலால் வகுக்காதீர்கள். அந்தக் கணக்கு ஏமாற்றும். ஒவ்வொரு கேலரிக்கும், அதற்குரிய வாசலுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். பை சோதனை, உடல் சோதனை, செல்போனில் டிக்கெட் தேடும் நேரம் எல்லாம் 660 என்ற எண்ணைக் கீழே இழுக்கும். எனவே முந்தைய போட்டி ஒன்றில் கடிகாரத்தோடு வாசலில் நின்று உண்மையான வேகத்தை எண்ணிப் பாருங்கள்.

வெளியேறும் கணக்கும் இப்படித்தான். சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்பது அதே வழிகாட்டியின் அளவு. எட்டு நிமிடத்துக்குள் பார்வையாளர்கள் வெளியேறும் வழிகளைத் தாண்டிவிட வேண்டும். 10,000 பேர் அமரும் கேலரிக்குச் சமதரையில் சுமார் 15 மீட்டர், படி வழியாக என்றால் சுமார் 19 மீட்டர் அகலம் தேவை. ஒரு கதவு பூட்டியிருந்தால் அந்த அகலத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

நெரிசல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்காணிக்கும் ஆள் யார்? அவருக்குக் கூட்டம் முழுவதும் தெரிகிறதா? ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பெயர் எழுதி வைத்த பிறகுதான் வேறு வேலையைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி நேரலை காத்திருக்கிறது என்பது ஆட்டத்தைத் தள்ளிவைக்க மறுப்பதற்கான காரணம் ஆகாது.

முதலில் தெரிகிற முகம்

ரசிகன் ஊருக்குள் வந்து இறங்கும்போது முதலில் பார்க்கும் போலீஸ்காரர் எப்படி நிற்கிறார் என்பதில் அன்றைய மாலையின் போக்கு பாதி முடிவாகிவிடுகிறது. 1998 உலகக் கோப்பையின்போது மார்செய் நகரில் இங்கிலாந்து ரசிகர்கள் பெரும் ரகளையில் சிக்கினார்கள். சமூக உளவியலாளர் கிளிஃபர்டு ஸ்டாட்டும் அவருடைய சகாக்களும் அந்தப் போட்டிக் காலத்தில் ரசிகர்களோடு இருந்து ஆராய்ந்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் தாக்கும்போது போலீஸ் காக்கவில்லை, பிறகு வந்து யார் எவர் என்று பாராமல் எல்லோரையும் விரட்டியது என்று சாதாரண ரசிகர்கள் உணர்ந்தார்கள். அதுவரை ஒதுங்கி நின்றவர்களும் அந்த ஆத்திரத்தில் சண்டைக்காரர்களின் பக்கம் சேர்ந்தார்கள். அதே தொடரில் ஸ்காட்லாந்து ரசிகர்களும் நிறையக் குடித்தார்கள், ஆடினார்கள், பாடினார்கள். அவர்களோ தங்களில் யாராவது வம்பு செய்தால் தாங்களே அடக்கினார்கள். போலீஸும் ஊர்க்காரர்களும் தங்களை மதிப்பதாக அவர்கள் உணர்ந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்தப் பாடத்தைச் செயலில் காட்டிய நாடு போர்ச்சுகல். 2004 யூரோ கோப்பைக்கு முன் அந்நாட்டின் நகரக் காவல்துறையான பிஎஸ்பி, ஸ்டாட்டையும் நெதர்லாந்துப் போலீஸ் அகாடமியின் ஓட்டோ அடாங்கையும் கலந்து தன் திட்டத்தை அமைத்தது. காவலர்கள் சாதாரணச் சீருடையில் இரண்டிரண்டு பேராக ரசிகர்கள் நடுவே நடந்தார்கள். சிரித்தார்கள், வழி சொன்னார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பேசிக்கொண்டே எங்கே குரல் உயர்கிறது என்று கவனித்தார்கள். அடுத்த கட்டத்தில் கூடுதல் ஆட்கள், அதற்கும் அடுத்துத்தான் கவசமும் தடியும். கலவரத் தடுப்புப் படை பக்கத்துத் தெருவிலேயே இருந்தது, கண்ணில் படவில்லை. இங்கிலாந்து விளையாடிய நகரங்களில் பெரிய கலவரம் நடக்கவில்லை. அதே தொடரில், வேறொரு படையான ஜிஎன்ஆரின் பொறுப்பில் இருந்த அல்புஃபேரா என்ற கடற்கரை ஊரில் மட்டும் இங்கிலாந்துக்காரர்களோடு கலவரம் மூண்டது. ஒரே நாடு, ஒரே வாரங்கள், ஒரே ரசிகர் கூட்டம். மாறியிருந்தவற்றில் முக்கியமானது காவல் முறை.

நடைமுறையில் இதைச் செய்ய நான் சொல்வது இவ்வளவுதான். முதல் வரிசையில் நிற்பவர்களை வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹெல்மெட், கேடயம் எல்லாம் வேனில் இருக்கட்டும். நிற்கிற காவலருக்குக் கழிப்பறை எங்கே, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, எந்தக் கேலரிக்கு எந்த வாசல் என்பது தெரிந்திருக்க வேண்டும். "தெரியாது, நகருங்க" என்ற பதில் ஒன்று நூறு பேரின் முகத்தைச் சுளிக்க வைக்கும். ரசிகர் சங்கத் தலைவர்களிடம் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே பேசுங்கள்: கொடி எவ்வளவு பெரிதாக இருக்கலாம், மேளத்துக்கு அனுமதி உண்டா, ஊர்வலம் எந்தத் தெருவில். ஒப்புக்கொண்டதை ஆட்ட நாளில் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காரணத்தை அவர்களிடம் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள்.

ரசிகர்களோடு இப்படிப் பேசிப் பாலமாக இருப்பதற்கென்றே ஐரோப்பாவில் ஆட்கள் உண்டு. யூஈஎஃப்ஏ போட்டிகளுக்கு உரிமம் பெறும் ஒவ்வொரு கிளப்பும் ரசிகர் தொடர்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2012-13 பருவத்திலிருந்து விதி. ஜெர்மனியில் பல நகரங்களில் 'ஃபான்புரோயெக்ட்' என்ற பெயரில் சமூகப் பணியாளர்கள் இளம் ரசிகர்களோடு ஆண்டு முழுவதும் வேலை செய்கிறார்கள். அவர்கள் போலீஸுக்கு உளவு சொல்பவர்கள் அல்லர். அப்படி ஆக்க முயன்றால் மறுநாளே அவர்களை எந்த ரசிகனும் நம்பமாட்டான்.

தப்பு செய்தவனை மட்டும் பிடியுங்கள்

மரியாதையோடு நடப்பது என்றால் சட்டத்தைத் தளர்த்துவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது பேர் பாட்டில் வீசினால் அந்த இருபது பேரையும் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் இருநூறு பேரைத் தொடக்கூடாது. இதற்கு முகம் தெரிந்த அதிகாரிகள் தேவை. பிரிட்டனில் ஒவ்வொரு கிளப்புக்கும் அதன் ரசிகர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து அறிந்த போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். வெளியூர் ஆட்டத்துக்கும் அவர்கள் ரசிகர்களோடு கூடவே வருவார்கள். "அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் வாய்தான் பெரிசு, அவனுக்குப் பின்னால் நிற்பவனைப் பாருங்கள்" என்று காதில் சொல்ல அப்படி ஒருவர் இருந்தால், தடியடியைத் தவிர்த்துவிடலாம்.

பிடித்தவனைக் கோர்ட்டில் நிறுத்திய பிறகு பிரிட்டன் கைக்கொள்ளும் கருவி மைதானத் தடை உத்தரவு. 1989 சட்டத்தில் வேர் கொண்டது. 2000 யூரோ கோப்பையின்போது பெல்ஜியத்தின் ஷார்ல்ருவா நகரில் இங்கிலாந்து ரசிகர்கள் நடத்திய ரகளைக்குப் பிறகு கடுமையாக்கப்பட்டது. நீதிமன்றம் மூன்று முதல் பத்து ஆண்டுகள் வரை தடை விதிக்கலாம். வெளிநாட்டுப் போட்டி நடக்கும் நாட்களில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் சொல்லலாம். இது தனி ஆளைத் தண்டிக்கிறது, கூட்டத்தைத் தண்டிப்பதில்லை. சிலர் செய்த தப்புக்கு ஒரு கேலரியையே மூடுவதும், ஒரு ஊர் ரசிகர்கள் அனைவரையும் தடுப்பதும் எளிது. அந்த வழி நல்லவனுக்கு நியாயமான கோபத்தைக் கொடுத்து, கெட்டவனுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும்.

கண்ணீர்ப்புகை

மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை வேண்டாம். இதில் விதிவிலக்கு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் மைதானத்தில் துப்பாக்கியையும் கூட்டத்தைக் கலைக்கும் வாயுவையும் கொண்டுவரவோ பயன்படுத்தவோ கூடாது என்கின்றன. காரணம் எளியது. தெருவில் புகை வந்தால் மக்கள் நாலா பக்கமும் ஓடலாம். கேலரியில் ஓட ஒரே திசைதான் உண்டு: குறுகிய படிக்கட்டும் அதன் முடிவில் இருக்கும் கதவும். 1964-இல் பெருவின் லிமா நகரில் 328 பேர் இறந்தார்கள். 2001-இல் கானாவின் அக்ரா நகரில் 126 பேர். இரண்டு இடத்திலும் கண்ணீர்ப்புகையும் பூட்டிய கதவுகளும் சேர்ந்தே இருந்தன. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் மலாங் நகரில், கன்ஜுருஹான் மைதானத்தில் 135 பேர்.

கன்ஜுருஹானைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அரேமா அணி தன் சொந்த மைதானத்தில் பெர்செபயாவிடம் 3-2 என்று தோற்றது. பகை அணியின் ரசிகர்களுக்கு அன்று அனுமதியே இல்லை. இரு தரப்பு மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவு ஆட்டத்தைப் பகலுக்கு மாற்றும்படி போலீஸ் முன்கூட்டியே கேட்டிருந்தது, அது ஏற்கப்படவில்லை. கொள்ளளவைவிட அதிக டிக்கெட்டுகள் விற்கப்பட்டிருந்தன. தோல்வியின் வருத்தத்தில் சிலர் மைதானத்துக்குள் இறங்கியதும் புகைக்குண்டுகள் வெடித்தன. அவை இருக்கைகளில் அமைதியாக உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமும் விழுந்தன. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் நசுங்கினார்கள். உள்ளே இறங்கியவர்களை அப்படியே விட்டிருந்தால், ஆட்டக்காரர்களை மட்டும் பத்திரமாக அழைத்துப் போய்விட்டுப் பொறுத்திருந்தால், என்ன நடந்திருக்கும்? புல் கொஞ்சம் கெட்டிருக்கும்.

போட்டிக்கு முந்தைய கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். மைதானத்துக்குள் வரும் எந்தப் படைப்பிரிவிடமும், வெளிமாவட்டத்திலிருந்து வந்த ரிசர்வ் படை உட்பட, புகைக்குண்டு இருக்கக் கூடாது. வாசலிலேயே சோதித்து வாங்கி வையுங்கள்.

சீக்கிரம் வாருங்கள்

ரசிகர்களோடு பேசி நடக்கும் முறை பலிக்கப் போலீஸ் ஆள் இருக்க வேண்டும், நேரத்துக்கு இருக்க வேண்டும். 2021 ஜூலை 11 அன்று லண்டன் வெம்ப்ளியில் யூரோ இறுதி. ஆட்டம் இரவு 8 மணிக்கு. ரசிகர்கள் காலையிலிருந்தே கூடிக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கூட்டம் திரண்ட பிறகுதான் போலீஸ் முழுமையாக வந்து சேர்ந்தது. டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் உள்ளே நுழைந்தார்கள். 17 முறை கூட்டமாக வாசலை உடைத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வாசல்களைக்கூட விட்டுவைக்கவில்லை. லூயிஸ் கேசியின் விசாரணை அறிக்கை, அன்று உயிர்கள் போகாமல் தப்பியது மயிரிழையில் என்ற முடிவுக்கு வந்தது. ஆகவே பந்தோபஸ்து நேரத்தை ஆட்டம் தொடங்கும் நேரத்தை வைத்துக் குறிக்காதீர்கள். முதல் மதுக்கடை திறக்கும் நேரத்தை வைத்துக் குறியுங்கள். டிக்கெட் சோதனையை மைதானச் சுவருக்கு வெகு முன்னாலேயே, அகலமான இடத்தில் வைத்து, டிக்கெட் இல்லாதவர் திரும்பிப் போக வழியும் விடுங்கள். பாரிஸில் தவறியது அந்த இடத்தின் அகலம்.

எதிரணிக்கு எந்தப் பக்கம்

பகை அணிகளின் ரசிகர்களைப் பிரிக்காததற்கு நம் நாட்டில் கொடுத்த விலை கொல்கத்தாவில் இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். இரு அணி ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து அமர்ந்திருந்தார்கள். மைதானத்தில் ஆட்டக்காரர்களிடையே மூண்ட சண்டை கேலரிக்குத் தாவியது. 16 பேர் வீடு திரும்பவில்லை. கொல்கத்தாவில் இன்றும் அந்த நாளில் ரசிகர்கள் ரத்த தானம் செய்கிறார்கள். பகை அணிகள் மோதும்போது கேலரிகளைப் பிரியுங்கள். நடுவே காலியான இருக்கைகளும் ஊழியர்களும் இருக்கட்டும். வாசல், கழிப்பறை, தின்பண்டக் கடை, வண்டி நிறுத்தம் எல்லாம் தனித்தனி. ஆனால் பிரிக்கும் வேலி ஆட்களைச் சிறைவைக்கக் கூடாது. மைதானத்தின் பக்கம் திறக்கும் கதவு இருக்க வேண்டும், அதன் அருகில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். 2012-இல் எகிப்தின் போர்ட் சயீதில் எதிரணி ரசிகர்கள் தாக்கப்பட்டபோது, தப்பி ஓடியவர்கள் பூட்டிய வாசலில் மாட்டிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 74 பேர்.

வெளியூர் ரசிகர்களை ஆட்டம் முடிந்தபின் உள்ளே நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்வதென்றால் முன்பே அறிவியுங்கள், எத்தனை நிமிடம் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். சொல்லாமல் பூட்டினால் அந்தப் பூட்டே கலவரத்துக்குக் காரணம் ஆகும்.

ஆட்டம் முடிந்த பிறகு

மறுநாளே உட்கார்ந்து பேசுங்கள்: மைதான நிர்வாகம், மருத்துவக் குழு, ரயில்வே, இரு அணி ரசிகர் பிரதிநிதிகள் எல்லோரும் இருக்கட்டும். 2016-இல் சாந்-தெனியில் கையெழுத்தான ஐரோப்பிய கவுன்சிலின் ஒப்பந்தம், பாதுகாப்பு, ஒழுங்கு, உபசரிப்பு மூன்றையும் பிரிக்காமல் சேர்த்தே திட்டமிடச் சொல்கிறது. அந்த மூன்றையும் ஒரு மேசைக்குக் கொண்டுவரும் வழி இந்தக் கூட்டம்தான்.

அங்கே பேசியதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். ஹில்ஸ்பரோவில் பணியிலிருந்த காவலர்களின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டதாகவும், அவற்றில் 116-இல் போலீஸுக்கு எதிரான கருத்துகள் நீக்கப்பட்டதாகவும் 2012-இல் சுயாதீனக் குழு கண்டறிந்தது. காவலர்கள் நேர்மையாக எழுதிக் கொடுத்த குறைகள் அடுத்த மைதானத்தில் உயிர்களைக் காத்திருக்கக் கூடும். உங்கள் கீழ் வேலை செய்யும் கான்ஸ்டபிள் "அந்த வாசலில் ஆள் போதவில்லை" என்று எழுதினால் அந்த வரியை அழிக்காதீர்கள்.

கடைசியாக உயர் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹில்ஸ்பரோவில் கட்டளையிட்ட அதிகாரி அந்தப் பொறுப்புக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு மைதானத்தின் படிக்கட்டுகளையும் ரசிகர்களையும் ஒருவர் அறிந்துகொள்ளப் பல பருவங்கள் ஆகும். அப்படி அறிந்த அதிகாரியை, பெரிய ஆட்டம் வரும் நேரத்தில் வழக்கமான இடமாற்றப் பட்டியலில் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், புதியவர் முழுப் பருவம் ஒன்று பழையவருக்குத் துணையாக நின்று பார்க்கட்டும். அதன் பிறகு கட்டளைப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.